புது ரூலும் எங்கள் ஜில்லா ரெஃபரிகளும்

ரெஃபரியைத் திட்டுவதற்கு ஒரு மைதானமே இருக்கிறது. அந்த ரெஃபரிக்கு வகுப்பெடுக்கிற ஆளைத் திட்டுவதற்கு ரெஃபரிகள் இருக்கிறார்கள். சித்தூர் ஜில்லாவில் கல்லூரி பாஸ்கெட்பால் ஆட்டங்களுக்கு ரெஃபரிகளைத் தயார் செய்கிற அந்த வேலையை நான் பல வருஷம் பார்த்தேன். சம்பளத்துக்கு அரசுக் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர். இது விளையாட்டுச் சங்கம் என் தலையில் கட்டிய உபரி வேலை.

உங்களில் பாதிப் பேருக்கு இது சொல்லாமலே புரியும். ஆபீஸில் மேலிருந்து புது முறை என்று ஒன்று இறங்கும். அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உங்களைப் பிடித்துப் போடுவார்கள். கொண்டுவந்தவர்கள் மேலேயே இருந்துகொள்வார்கள், ஏச்சு உங்களுக்கு வரும். அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆறு விநாடி

இரண்டாயிரம் பிறந்த சமயம் உலகம் முழுக்க பாஸ்கெட்பால் ரூல் மாறியது. இரண்டு பாதியாக ஆடிய ஆட்டத்தை நாலு துண்டாக்கினார்கள். பந்து கிடைத்த அணி முப்பது விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்றிருந்ததை இருபத்து நாலாகக் குறைத்தார்கள். ஜில்லாவுக்கு ஒருவராக ஹைதராபாத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் ஒரு ஜெராக்ஸ் கட்டோடு ரயிலேறித் திரும்பி வந்து, எங்கள் கல்லூரி மைதானத்திலேயே ரெஃபரிகளுக்கு வகுப்பு வைத்தேன். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர்கள், பழைய ஆட்டக்காரர்கள், வேலை தேடிக்கொண்டிருந்த பட்டதாரிகள் என்று கொஞ்சம் பேர் வந்தார்கள்.

விநாடியைக் காட்டுகிற கடிகாரம் அப்போது எங்கள் ஜில்லாவில் எந்தக் கல்லூரியிலும் இல்லை. அதனால் ஒருவர் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு உட்கார, நேரம் முடிந்ததும் இன்னொருவர் மரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டுவது என்று ஏற்பாடு செய்தேன். கல்லூரி மணியும் தண்டவாளத் துண்டுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. நாலைந்து தடவை தட்டியதும் வகுப்புகள் கலைந்து பிள்ளைகள் புத்தகப் பையோடு வெளியே வந்துவிட்டார்கள். பிரின்சிபால் மாடி வராந்தாவில் நின்று என்னைக் கூப்பிட்டார். கெமிஸ்ட்ரிக்காரர், கோபத்திலும் குரல் உயராது. "ஆறு செகண்டு குறைச்சாங்கன்னு ரெண்டு நாள் கிளாஸா? அந்த ஆறு செகண்டை நானே தர்றேன் மாஸ்டர், மணி அடிக்கிறத நிறுத்துங்க."

ஓட்டப் பரீட்சை

புது ரூலோடு புதுக் கட்டளை ஒன்றும் வந்தது. ரெஃபரி என்று இருந்தால் எழுத்துப் பரீட்சையும் தேற வேண்டும், ஓட்டப் பரீட்சையும் தேற வேண்டும். ஆட்டம் வேகமாகிவிட்டதாம், ரெஃபரியும் வேகமாக வேண்டுமாம். நான் எழுதிய சட்டமில்லை. ஆனால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கோட்டோரம் நின்றவன் நான்.

ரெட்டெப்பா சந்திரகிரிப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டர். என்னைவிட மூத்தவர், எனக்கு முதல் மேட்ச் வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். பிடிக்காத ஆட்டக்காரன் பந்தைத் தொட்டாலே தப்பு என்று ஊதிவிடுவார், ஊதிய பிறகு காரணம் யோசிப்பார். இருந்தாலும் அவர் ஊதினால் ஒருத்தரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள், உடம்பு அப்படி. அந்த உடம்போடு மத்தியான வெயிலில் ஓடினார். பாதி ஓட்டத்தில் மூச்சு வாங்கி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டு போனேன். வாங்கி முகத்தைக் கழுவினாரே தவிர குடிக்கவில்லை. இளவட்டங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இன்னொரு நாள் ஓடலாம், நான் சங்கத்தில் பேசுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு எழுந்தார். அதற்கப்புறம் அவர் எந்த மைதானத்துக்கும் வரவில்லை, என் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. அன்றைக்குச் சொன்னதுதான் என்னோடு கடைசியாகப் பேசியது. "ஓடறவன்தான் ரெஃபரின்னா, பஸ் பின்னால ஓடறானே கண்டக்டரு, அவனைக் கூப்ட்டு வச்சிக்கோ மாஸ்டரு."

மேலிருந்து வந்த நிபுணர்

இரண்டாம் வருஷம் வகுப்பைத் திருப்பதியில் வைத்தோம். தலைநகரிலிருந்து ஒரு நிபுணர் வருகிறார், அந்த வருஷத்து முக்கியக் கவனங்களை அவரே விளக்குவார் என்றார்கள். முக்கியக் கவனம் என்றால், ஒவ்வொரு சீசனுக்கும் எந்தத் தப்பைக் கண்டிப்பாக ஊத வேண்டும் என்று மேலிருந்து சொல்லி அனுப்புவது. தற்காக்கிறவன் கையை வைத்துத் தள்ளுவது, பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ரெஃபரியை ஏசுவது, இப்படி. அவருக்கு லாட்ஜில் அறை பிடிக்கவே எனக்கு நாக்குத் தள்ளியது. மலைக்கு வருகிற கூட்டத்தில் எந்த மாசம் அறை காலியாக இருந்திருக்கிறது?

குடும்பத்தோடு வந்திறங்கினார். காலையில் மைதானத்தில் எல்லோரும் காத்திருக்க, அவர் தரிசன வரிசையில் இருந்தார். சாயங்காலம் வருவார் என்றார்கள். மறுநாள் மத்தியானம், மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க வந்து, தான் எந்தெந்த தேசத்தில் ஊதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு டீ குடித்தார். கங்காதர நெல்லூரிலிருந்தும் நகரியிலிருந்தும் லீவு போட்டு வந்தவர்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர் காதோரம் குனிந்து, பெஞ்சுக்குத் தண்டனை கொடுப்பதைப் பற்றி மட்டுமாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் வாட்சைப் பார்த்தார். "ரூலெல்லாம் புக்குல இருக்கு மாஸ்டர். லட்டு புக்குல கிடைக்குமா? ஒரு நாலு எக்ஸ்ட்ரா ஏற்பாடு பண்ணுங்க."

பாபு போன இடம்

எனக்குக் கிடைத்த ஆட்களில் முதல் மூளை பாபு. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கிடைத்த கம்பெனிக்கெல்லாம் எழுதிப் போட்டுக்கொண்டு சித்தூரில் சும்மா இருந்தான். ரூல் புத்தகம் முழுக்க இங்கிலீஷ். அவன் அதை இங்கிலீஷ் பழகவே வாங்கிப் போய் மனப்பாடம் செய்துவிட்டான். இந்த இடத்தில் இப்படி நடந்தால் என்ன என்று கேட்டால், பிரிவு எண்ணோடு சொல்லுவான். கை சைகை ஒவ்வொன்றும் படத்தில் உள்ளபடியே இருக்கும். யாராவது கத்தினால் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு மெதுவாகப் பதில் சொல்லுவான். இவன் ஒருத்தன் போதும், மாநில அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சீசன் தொடங்கும்போது பெங்களூர் பஸ்ஸில் ஏறிவிட்டான். அமெரிக்காக்காரர்களுக்கு ராத்திரி முழுக்க போனில் பதில் சொல்கிற வேலை. அதில் குறை சொல்ல நான் யார்? அவன் அப்பா வெல்ல மண்டியில் மூட்டை தூக்கிப் படிக்க வைத்தவர். பொங்கலுக்கு ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான், கன்னம் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே நன்றி சொன்னான். "இன்டர்வியூல செலக்ட் ஆனதே உங்க கிளாஸாலதான் மாஸ்டர். கத்தறவன்கிட்ட நிதானமா ரூல் சொல்லணும், அங்கயும் அதுதான் வேலை, ஏசி மட்டும் எக்ஸ்ட்ரா."

செல்வியின் பேன்ட்

பாபு போன வருஷம் செல்வி வந்தாள். நகரிக்காரி. அப்பாவுக்கு விசைத்தறி ஓட்டுகிற வேலை. தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய வீட்டுப் பெண், சாதாரணமாகப் பேசினாலே மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். யுனிவர்சிட்டி டீமில் ஆடியவள், உடற்கல்விப் படிப்பும் முடித்திருந்தாள். எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை இரண்டிலும் ஆண்களையெல்லாம் பின்னால் விட்டாள். பையன்கள் ஆட்டத்துக்குப் பெண் ரெஃபரியா என்று சங்கத்தில் முனகினார்கள். ரூலில் எங்கே கூடாது என்று இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். காட்ட முடியவில்லை.

முதல் ஆட்டம் ஒரு தனியார் கல்லூரியில். சாம்பல் சட்டை, கறுப்புப் பேன்ட், ரூலில் சொன்ன உடை. கேட்டிலேயே அந்தக் கல்லூரிப் பிரின்சிபால் மறித்தார். இங்கே பெண்பிள்ளைகள் பேன்ட் போடுவதில்லை, சுடிதார் போட்டு துப்பட்டாவைக் குத்திக்கொண்டு வரட்டும் என்றார். நான் ஜெராக்ஸை விரித்து உடைப் பிரிவைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. செல்வி என்னை நகரச் சொல்லிவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள். குரலை அவளால் முடிந்த அளவு தாழ்த்தினாள், ஆனாலும் கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடைக்காரர் வரைக்கும் கேட்டது. "துப்பட்டா போட்டுக்கினு ஓடினா, பந்துக்கு எகிறற பசங்க கையில அதுதான் சார் மாட்டும். அப்ப நான் யாருக்கு ஃபவுல் குடுக்கறது?"

விட்டுவிட்டார்கள். அந்த சீசன் முழுக்க அவள் பேன்ட்டோடுதான் ஊதினாள்.

சேர்மன் வாங்கிய கடிகாரம்

திருப்பதி ரோட்டில் அப்போதுதான் எழும்பிய இன்ஜினியரிங் கல்லூரி ஒன்று அந்த வருஷ இறுதிப் போட்டிகளை நடத்த முன்வந்தது. சேர்மன் கிரானைட் வியாபாரி. புதுத் தரை, புதுக் கம்பம், எல்லாவற்றுக்கும் மேல் சென்னையிலிருந்து தருவித்த எலக்ட்ரானிக் கடிகாரம். சிவப்பு எழுத்தில் இருபத்து நாலிலிருந்து இறங்கி, பூஜ்யத்தில் ஊளையிடும். அதைப் பார்த்து நின்றபோது எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது, மறைப்பானேன். தண்டவாளத்தைத் தட்டி வகுப்பெடுத்தவன் நான்.

ஆட்டங்களுக்கு முன் எல்லோரையும் உட்கார வைத்து அந்த வருஷத்து முக்கியக் கவனத்தைச் சொன்னேன். பெஞ்சில் இருப்பவர் எழுந்து வந்து ரெஃபரியை ஏசினால் டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்குத் தடுப்பில்லாமல் எறிய இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. கோச்சானாலும் சரி, கூட வந்தவரானாலும் சரி. சேர்மன் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தன் கல்லூரி டீமின் பெஞ்சில்தான் அவர் உட்காருவார் என்று எல்லோருக்கும் தெரியும். முடிந்ததும் என் தோளில் கை போட்டு, சிரித்துக்கொண்டே தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். "மன காலேஜு, மன கிரவுண்டு, ரெண்டும் நம்மளுது, பெஞ்சும் நம்மளுது. நான் எழுந்து நிக்கறதுக்கு நீங்க எதுக்கு ரூல் போடறீங்க மாஸ்டரு?"

இறுதி ஆட்டம்

மதனப்பள்ளிப் பையன்களுக்கும் சேர்மன் கல்லூரிக்கும் ஃபைனல். ரெஃபரிகள் செல்வியும் லோகநாதனும். லோகநாதன் வேறொரு கல்லூரியில் தற்காலிக உடற்கல்வி ஆசிரியர், என் வகுப்பில் அமைதியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறவன். நான் மேசையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளர்.

கடைசிப் பகுதியில் சேர்மன் எழுந்தார். கோட்டைத் தாண்டி உள்ளே வந்து செல்வியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். லோகநாதன்தான் அவருக்குப் பக்கத்தில் நின்றான். ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டதாகக் குனிந்தான். செல்வி அந்தக் கோடியிலிருந்து ஊதிக்கொண்டே வந்து, ஒரு கையை நிமிர்த்தி மறு கையை அதன் மேல் படுக்கவைத்துக் காட்டினாள். டெக்னிக்கல். மதனப்பள்ளிப் பையன் இரண்டில் ஒன்றைப் போட்டான். அந்த ஒரு பாயின்டில்தான் அவர்கள் முன்னால் போனார்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் சேர்மன் கல்லூரிப் பையன் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. ஆனால் பந்து அவன் கையில் இருக்கும்போதே இருபத்து நாலு முடிந்து கடிகாரம் ஊளையிட்டுவிட்டது. நான் பார்த்தேன், மேசையில் இருந்த எல்லோரும் பார்த்தோம். செல்வி கைகளைக் குறுக்கே ஆட்டி, செல்லாது என்றாள். லோகநாதன் என்னையும் சேர்மனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நாற்காலிகள் பறந்தன. நான் ஓடிப்போய் அவளை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்தேன், யாரோ என் சட்டையைக் கிழித்தார்கள். தீர்ப்பு சரி என்று மைக்கில் சொன்னேன், பாதியில் மைக்கை அணைத்தார்கள். கோப்பையைக் கொடுக்க ஆளில்லை. மதனப்பள்ளிப் பையன்கள் அதை மேசையிலிருந்து தாங்களே எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார்கள். எங்களுக்கு ஏற்பாடு செய்திருந்த ஜீப் வரவில்லை. செல்வியும் நானும் கேட்டிலிருந்து ஹைவே வரைக்கும் புழுதியில் நடந்தோம். அவள் அழவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "டெக்னிக்கலுக்கு சிக்னல் சரியா இருந்திச்சா சார்? மேல் கை சாஞ்சிடலையே?"

லாட்ஜில் கூட்டம்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ் அறையில் சங்கம் கூடியது. கட்டிலில் நாலு பேர், நாற்காலியில் செயலாளர், நான் ஜன்னலோரம். செல்வியைக் கூப்பிடவில்லை. செயலாளர் நல்ல மனிதர்தான். ஆஸ்பத்திரி, கல்யாணம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். கடிகாரம் கோளாறாக இருந்தது என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ஆட்டத்தைச் செல்லாததாக்கி மறுபடி வைத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை என்றார். கடிகாரம் நன்றாக ஓடியது என்றேன். செல்வி இளம் பெண், பதற்றத்தில் டெக்னிக்கல் கொடுத்துவிட்டாள் என்றாவது சொல்லுங்கள் என்றார். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தாள் என்றேன். லோகநாதனைக் கேட்டார்கள். தான் ஷூ கட்டிக்கொண்டிருந்ததால் எதுவும் பார்க்கவில்லை என்றான். அதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள்.

முடிவு தானாக வந்தது. அடுத்த சீசனில் செல்விக்கு ஒரு ஆட்டமும் கொடுக்கவில்லை. வகுப்பெடுக்க என்னைக் கூப்பிடவில்லை. லோகநாதன் சேர்மன் கல்லூரியில் நிரந்தர உடற்கல்வி இயக்குநரானான், வகுப்பும் அவனுக்குப் போனது. செயலாளர் என்னோடு படியிறங்கி வந்து, டீ வாங்கிக் கொடுத்து, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். "ரூல்படி நீங்க சொல்றது கரெக்டு மாஸ்டர். ஆனா ரூலா வந்து நமக்கு கிரவுண்டு குடுக்கப் போவுது?"

புத்தூர் பஸ் ஸ்டாப்

இரண்டு வருஷம் கழித்து, ஒரு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு புத்தூரில் நின்றிருந்தேன். கம்பெனி பஸ் ஒன்று வந்து நிற்க, நீலச் சட்டை போட்ட பெண்கள் இறங்கினார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு எங்கள் எல்லையிலிருந்து பெண்களை ஏற்றிப்போக அப்போது நிறைய பஸ்கள் ஓடின. அந்தக் கூட்டத்தில் செல்வி. என்னைப் பார்த்ததும் நின்றாள். நைனா வேலை பார்த்த தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், தங்கச்சி நர்சிங் படிக்கிறாள் என்றாள். பேச்சு அடங்கியிருந்தது, காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

எனக்கு ஒரு செய்தி சொல்ல இருந்தது. பெண்கள் போட்டிக்கு ஆளில்லாமல் சங்கம் திண்டாடுகிறது, உன் பெயரைக் கொடுக்கட்டுமா என்றேன். அவள் யோசித்ததாகவே தெரியவில்லை. பையைத் தோளில் சரி செய்துகொண்டு, என் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டு, நகரி ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். "ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் சார் லீவு. துணி தோய்ச்சி, துன்னுட்டு படுக்கவே சரியாப் போவுது."

ஏசி ஹால்

நான் ரிட்டயர் ஆகப்போகிற சமயத்தில் ரூல் மறுபடி மாறியது. மூன்று பாயின்ட் கோட்டைப் பின்னால் தள்ளினார்கள், கூடைக்குக் கீழே ஒரு அரைவட்டம் போட்டார்கள். அந்த அரைவட்டத்துக்குள் நிற்பவன் மேல் எதிராளி மோதினால் யார் மேல் தப்பு என்பதில் புதுக் கணக்கு. கல்லூரி அனுப்பியதால் நானும் வகுப்புக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சேர்மன் கல்லூரியின் ஏசி ஹால். சுவரில் படம் ஓட, லோகநாதன் லேசர் விளக்கைப் பிடித்து விளக்கினான். என்னைக் கண்டதும் இறங்கி வந்து காலைத் தொட்டான். குறை சொல்ல முடியாத வகுப்பு. முக்கியக் கவனங்களில் முதலாவதாக, ரெஃபரியின் நேர்மை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான்.

முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். சொல்லிக்கொடுத்தது எல்லாம் புரிந்தது, மோதலில் நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டால் எந்தப் பக்கம் ஊதுவது என்று கேட்டாள். லோகநாதன் விளக்கை அணைத்தான். அந்தப் பெண்ணைப் பார்த்து அக்கறையோடுதான் சொன்னான், கேலி துளியும் இல்லை. "டெஸ்ட்ல எழுத ரூல் புக்கு இருக்கும்மா. கிரவுண்டுல சந்தேகம் வந்தா, முன்வரிசையில யாரு உக்காந்துக்கினு இருக்காங்கன்னு ஒரு தடவை பார்த்துக்கோ."

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள்.

மொத்தத்தில் என்னிடம் படித்தவர்களில் எதை ஊத வேண்டும் என்று தெரிந்தவர்களெல்லாம் வேறு வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், எப்போது ஊதக் கூடாது என்று தெரிந்தவர் மட்டும் ரெஃபரியாகவே ரிட்டயர் ஆவார்.